உங்கள் காணிக்கை ஒரு குழந்தையை எங்கே தூங்க வைக்கிறது: விடுதியிலா, வீட்டிலா?

நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வரும். வரிசையாக நிற்கும் பிள்ளைகள், கீழே ஒரு கியூஆர் கோடு, 'ஒரு குழந்தையின் ஒரு மாதச் செலவு' என்று ஒரு தொகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதற்கென்று தனிக் கவரும் கொடுப்பார்கள். சர்ச் பக்கமே போகாதவர் என்றாலும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. பிறந்தநாளுக்கு ஏதோ ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டிருப்பீர்கள், இல்லை ஆபீஸ் சிஎஸ்ஆர் டீமோடு ஒரு சனிக்கிழமை போய் வந்திருப்பீர்கள்.

கொடுக்கிற மனசில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் போஸ்டரில் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மா இருக்கிறார்.

இல்லங்களில் இருப்பது யார்?

நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் இல்லங்களை மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒருமுறை முழுமையாகக் கணக்கெடுத்தது. 2018-ல் வெளியான அந்த அறிக்கையின்படி, மொத்தம் 9,589 இல்லங்கள். அவற்றில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் சுமார் 3.7 லட்சம் பேர். பத்தில் ஒன்பது இல்லங்களை நடத்துவது அரசு இல்லை. அறக்கட்டளைகளும், தொண்டு நிறுவனங்களும், சர்ச் உட்பட மத அமைப்புகளும்தான்.

அந்த 3.7 லட்சம் பேரில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். அம்மா அல்லது அப்பா மட்டும் இருக்கிற பிள்ளைகள் ஏறத்தாழ 1.2 லட்சம், அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 'அநாதை இல்லம்' என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்வது பெரும்பாலும் அநாதைகள் இருக்கும் இடம் இல்லை.

அப்புறம் ஏன் அங்கே இருக்கிறார்கள்? கணவரை இழந்த ஒரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். காலை 6 மணிக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவார். வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகள் தனியாக இருக்க வேண்டும். ஊர்ப் பள்ளியோ எட்டாம் வகுப்போடு முடிகிறது. இந்த நிலையில் ஒரு பாஸ்டரோ சிஸ்டரோ வந்து, "பிள்ளையை எங்க ஹோம்ல விடும்மா, மூணு வேளை சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பிள்ளைக்கு நல்லது என்றுதான் அனுப்புவார். அவருக்குத் தேவைப்பட்டது மாதம் சில ஆயிரம் ரூபாய், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ஒரு பஸ் பாஸ். கிடைத்ததோ பிரிவு.

சர்ச் ஏன் இல்லங்களையே கட்டியது?

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1843-ல் பிரான்ஸில் ஒரு கத்தோலிக்க ஆயர், ஐரோப்பியப் பிள்ளைகள் தங்கள் கைக்காசைச் சேர்த்து தூர தேசத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 'திருக்குழந்தைப் பருவ சபை' என்ற அந்த இயக்கம் இன்றும் கத்தோலிக்கப் பங்குகளில் வேறு பெயரில் உண்டியல் வைக்கிறது. பண்டித ரமாபாய் அமெரிக்கா போனபோது, 1887-ல் பாஸ்டனில் அவர் பெயரில் ஒரு சங்கம் உருவானது. ஊர் ஊராகச் சின்னச் சின்ன வட்டங்கள் அமைத்து 10 ஆண்டுகளுக்குச் சந்தா கட்ட ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தில்தான் 1889-ல் மும்பையில் அவருடைய சாரதா சதன் திறந்தது. 1896-97 பஞ்சத்தில் அவர் மத்திய மாகாணங்களுக்குப் போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் கூட்டி வந்து, புனே அருகே கேட்காவில் குடியமர்த்தினார். இன்றைக்கும் அது முக்தி மிஷன் என்ற பெயரில் இயங்குகிறது.

பஞ்சத்தில் ஊரே காலியான பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அங்கே கட்டடமும் கட்டிலும் சரியான பதில். சிக்கல் என்னவென்றால், பஞ்சம் முடிந்த பிறகும் கொடுக்கும் முறை மாறவில்லை. 1959-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் சில கிறிஸ்தவர்கள், இந்தியாவில் உள்ள 5 குழந்தைகளை ஆதரிப்பதற்காகத் தொடங்கியதுதான் 'கிண்டர்நோத்ஹில்ஃபே'. ஒரு நன்கொடையாளர், ஒரு குழந்தை, ஒரு போட்டோ, வருஷத்துக்கு ஒரு கடிதம். உலகம் முழுவதும் சர்ச் மக்களுக்கு மிகவும் பிடித்த மாதிரி இதுதான். அதே அமைப்பு பிற்காலத்தில் ஏழைப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குப் பணத்தைத் திருப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைக்கு இவ்வளவு என்று வரும் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. கட்டிலில் பிள்ளை இருக்கும்வரை பணம் வரும். பிள்ளை அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டால் பணம் நின்றுவிடும். அதனால், இல்லத்தை நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது அவருடைய பட்ஜெட்டில் ஒரு இழப்பு. யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, கணக்கே அந்தப் பக்கம் தள்ளும்.

கெட்ட எண்ணமும் இருந்துவிட்டால்? 2018-ல் நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆஸ்திரேலியாவில், அதற்கான நாடாளுமன்ற விசாரணையில் தனியாகப் பேசப்பட்ட ஒரு விஷயம், நன்கொடைக்காகவே பிள்ளைகளைக் குடும்பங்களில் இருந்து பிரித்து இல்லங்களுக்குக் கொண்டுபோவது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கும் சிறார் நீதிச் சட்டம் (ஜேஜே சட்டம்) அடிப்படைக் கொள்கை ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. முதலில் சொந்தக் குடும்பம், அது முடியாவிட்டால் உறவினர், தத்து, வளர்ப்புக் குடும்பம். எதுவுமே நடக்காவிட்டால்தான் இல்லம்.

அந்தச் சட்டப்படி, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் எந்த இடமும் பதிவு பெற வேண்டும். அரசுப் பணம் வாங்கவில்லை, சர்ச் காணிக்கையில் நடக்கிறது என்பதெல்லாம் விதிவிலக்கு இல்லை. பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி 2007-ல் வந்த ஒரு கட்டுரையை ஒருவர் கடிதத்தோடு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து உருவான வழக்கில் 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு பெற வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. கேரளத்தில் சர்ச் நடத்தும் பல இல்லங்கள், இந்த விதிகளை எங்களால் தாங்க முடியாது, மூடிவிடுகிறோம் என்று அப்போது சொன்னதற்குப் பின்னணி இதுதான். இடவசதி, பணியாளர்கள், ஆவணங்கள் என்று சட்டம் கேட்பது அதிகம்தான். அதேசமயம், வேறொருவர் பிள்ளையை வைத்திருப்பவரிடம் வேறு எப்படிக் கேட்பது?

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. ஒரு பாஸ்டரோ கன்னியர் மடமோ, 'கொண்டுவந்து விட்டாங்க, வச்சுக்கிட்டோம்' என்று ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான்.

ஃபாஸ்டர் கேர் என்றால் தத்து இல்லையா?

இல்லை. தத்து என்றால் சட்டப்படி அது உங்கள் பிள்ளை. சொத்துரிமை உட்பட எல்லாம் வரும். ஃபாஸ்டர் கேர் என்பது ஒரு குடும்பம் கொஞ்ச காலத்துக்கு ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. அரசு ஆவணங்களில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று இருக்கும். அம்மா சிறையில் இருக்கலாம், நீண்ட சிகிச்சையில் இருக்கலாம், வீட்டில் பாதுகாப்பு இல்லாமல் இருக்கலாம். நிலைமை சரியானதும் பிள்ளை திரும்பிப் போகும். இல்லங்களில் வளர்ந்து 6 வயதைத் தாண்டிவிட்ட, தத்தெடுக்க யாரும் வராத பிள்ளைகளுக்கும் இது ஒரு வழி.

அத்தை வீட்டில், பாட்டி வீட்டில் வளர்ந்தவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அதனால் கருத்து நமக்குப் புதிதல்ல, அதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதுதான் புதிது. ராஜஸ்தான் 2005-லேயே 'பாலன்ஹார்' என்ற திட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்க்கும் உறவினருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கத் தொடங்கியது. இப்போது மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். வளர்ப்புக் குடும்பத்துக்கு மட்டுமில்லை. வருமான வரம்புக்குள் வரும் விதவைத் தாய்க்கும், பேரனை வளர்க்கும் பாட்டிக்கும் 'நிதி ஆதரவு' என்ற பெயரில் இதே தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

பாத்திரம் தேய்க்கும் அந்த அம்மா இந்தத் தகுதிக்குள் வரக்கூடும். அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். விண்ணப்பம், வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று கூடவே அலைய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான், என் பார்வையில், ஒரு சபை செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு. ஆனால் 'சமூகப் பணியாளர் சம்பளக் காணிக்கை' என்று கவரில் அச்சடித்தால் எத்தனை பேர் போடுவார்கள் சொல்லுங்கள்? போஸ்டருக்குப் போட்டோவும் கிடைக்காது.

சாப்பாடும் பள்ளியும் இருந்தால் போதாதா?

ருமேனியாவில் இதைக் கணக்காகவே பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். வீடுகளுக்குப் போன பிள்ளைகள் அறிவுத்திறனிலும், மனிதர்களோடு ஒட்டிப் பழகுவதிலும் முன்னேறினார்கள். 2 வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. ஷிஃப்ட் மாறும்போது ஆள் மாறுகிற இடத்தில், இன்னார் என்னுடையவர் என்று பிடித்துக்கொள்ள ஒருவர் இல்லை. இல்லத்தில் வேலை செய்பவர்கள் அன்பில்லாதவர்கள் என்று அர்த்தம் இல்லை. 25 பேருக்கு ஒருவர் அம்மாவாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்போ எல்லா இல்லங்களையும் மூடிடலாமா?

அவசரப்படாதீர்கள். 2020 செப்டம்பரில், கொரோனா நடுவில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 8 மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. இல்லங்களில் உள்ள பிள்ளைகளை 100 நாட்களில் குடும்பங்களுக்கு அனுப்புங்கள் என்றது. தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, கேரளா, மகாராஷ்டிரா, மேகாலயா, மிசோரம். நாட்டில் இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் இந்த எட்டில்தான் இருந்தார்கள். சர்ச் வலுவாக இருக்கும் மாநிலங்கள் பலவும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

'குழந்தை வீட்டில் வளர வேண்டும்' என்ற கொள்கை சரி. ஆனால் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டுக்கு, எந்த ஏற்பாடும் இல்லாமல் 100 நாளில் பிள்ளையை அனுப்புவது பராமரிப்பு ஆகாது. அன்றைக்கு அரசின் மாத உதவித்தொகை 2,000 ரூபாய்தான். குழந்தை உரிமை அமைப்புகள் பல இதை எதிர்த்ததற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு குழந்தையாக, வீட்டைப் போய்ப் பார்த்து, உதவியைக் கையில் கொடுத்து, பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

இன்னும் ஒன்று: சொந்த வீட்டிலேயே வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கு இன்று ராத்திரி ஓர் இடம் வேண்டும். கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை ஏற்கும் குடும்பம் உடனே கிடைக்காது. சின்ன, நன்றாக நடத்தப்படும் இல்லங்களுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலை குறுகிய காலத்துக்கானதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் குறைகிறது, உள்ளூர்க் காணிக்கை?

இதில் உங்கள் கவருக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. உள்ளூர் சபைகள் வழியாக சுமார் 1.45 லட்சம் பிள்ளைகளுக்கு உதவிவந்த அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல், அரசின் முன்அனுமதிக் கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் இந்தியாவில் கடையைக் கட்டியது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய சர்ச் அமைப்பு வாங்கி, கிராமத்துச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. 2024-ல் வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமமும் ரத்தானது. இந்த முடிவுகளின் அரசியல் தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்கு முக்கியம், இனி இந்த வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே வர வேண்டும் என்பது.

முடியுமா என்றால் மிசோரத்தைப் பாருங்கள். 1910-ல் இருந்து மிசோ பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். நம் ஊர்ப் பிடி அரிசி மாதிரிதான். சபை அதைச் சேகரித்து, விற்று, தன் பணிகளுக்குப் பயன்படுத்துகிறது. வருஷக் கணக்கில் அது கோடிகளில் நிற்கிறது. பணம் சேர்ப்பது நம் சபைகளுக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. சேர்ந்த பணம் கட்டடத்துக்குப் போகிறதா, குடும்பத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

கொடுப்பதற்கு முன்னால் என்ன கேட்கலாம்?

முதலில் பதிவு எண். தயங்காமல் கேளுங்க. ஜேஜே சட்டப் பதிவுச் சான்றிதழ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினாங்க?" நல்ல இல்லம் நடத்துபவருக்கு இந்த எண் விரல் நுனியில் இருக்கும், சந்தோஷமாகச் சொல்வார். 'எங்ககிட்ட வந்த பிள்ளைகள் யாரும் போகவே மாட்டாங்க' என்று பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பெற்றோர் எப்போது வந்து பார்க்கலாம், 18 வயது முடிந்து வெளியே போகும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேட்கலாம். 18-வது பிறந்தநாளுக்கு மறுநாள் ஒரு பெட்டியோடு ரோட்டில் நிற்பது இந்தப் பிள்ளைகளின் பெரிய பயம். அந்த வயதில் ஒரு ஹாஸ்டல் அட்வான்ஸும் இரண்டு மாத மெஸ் பணமும் என்ன மதிப்பு என்று, முதல் வேலைக்காக வேறு ஊருக்குப் போன உங்களுக்குத் தெரியும்.

போட்டோ விஷயம். ஆதரவு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது ஜேஜே சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றமாகலாம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். முகம், பெயர், 'குடிகாரத் தகப்பன் விட்டுப்போன பையன்' என்ற கதை எல்லாம் போட்டு வரும் நியூஸ்லெட்டரை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அந்தப் பையன் நாளைக்கு உங்கள் ஆபீஸிலேயே இன்டர்வியூவுக்கு வரலாம்.

வரி பற்றி ஒரு வார்த்தை. தசமபாகமாக சபைக்குக் கொடுப்பது மதக் காணிக்கை. அதற்கு 80ஜி கிடையாது. இல்லமோ குடும்ப ஆதரவுத் திட்டமோ தனி அறக்கட்டளையாக 80ஜி அனுமதி வாங்கியிருந்தால்தான் விலக்கு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், விலக்கே இல்லை.

பணம் வேண்டாம், நானே ஒரு பிள்ளையை வளர்க்கிறேன் என்றால்?

2024-ல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்களின்படி தம்பதிகள் மட்டுமில்லை, 35 வயதைத் தாண்டிய தனிநபர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம்; கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர் எல்லோரும். தனியாக வாழும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். தம்பதி என்றால் 2 ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். வளர்த்த பிள்ளையைப் பிறகு தத்தெடுக்க முன்பு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். இப்போது 2 ஆண்டு போதும், அந்தப் பிள்ளை தத்துக்குச் சட்டப்படி தகுதி பெற்றிருந்தால்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகினால் நடைமுறையைச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், வருமானம் கேட்பார்கள், உங்கள் அப்பா அம்மாவிடமும் பேசுவார்கள். பிள்ளை வந்த பிறகும் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைக்கத்தான் சட்டம் முயலச் சொல்கிறது, அதனால் ஒருவருக்கு விண்ணப்பித்த இடத்தில் இருவரைப் பற்றிக் கேட்கலாம். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, குழந்தைகள் நலக் குழு வேண்டாம் என்று சொல்லாதவரை, அவ்வப்போது வந்து பார்க்க உரிமை உண்டு. அந்த அம்மா பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வருவார். போக வர அவருக்கு ஆகும் டிக்கெட் காசை உங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கவரிலிருந்தே கொடுக்கலாமா என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.